மஞ்சள் கோழியும் ஒரு மணி நேரமும்

அந்தம்மாவுக்குப் பெயர் உண்டு. பெயருக்கு முன்னால் சீக்கிரம் 'முனைவர்' வேறு வரப்போகிறது என்று அப்போதே பேச்சு. ஆனால் தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் இறங்கி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. 'கோழி மேடம்' என்றால் டீக்கடைப் பூனைகூடத் திரும்பிப் பார்க்கும். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பெயர்க் காரணம் ஒரு டைமர். முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்க வைப்பார்களே, வயிற்றை முறுக்கிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, ஒரு மணி நேரம் முடிந்ததும் கர்ர்ர் என்று கத்தும், அது. மஞ்சள் பிளாஸ்டிக் கோழி, சிவப்புக் கொண்டை, ஒரு கண்ணில் பெயின்ட் போய்விட்டது. பல்கலைக்கழகம், ஆய்வு, நெறிமுறைக் குழு என்று பெரிய பெரிய வார்த்தைகளோடு தென்காசிக்கு வந்த அம்மா, பையிலிருந்து முதலில் எடுத்து வைத்த ஆராய்ச்சிக் கருவி இதுதான். நான் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் தின்றுகொண்டிருந்த நேரம். உதவியாளர் வேலை என்றார்கள். போனேன். கோழியைப் பார்த்ததும், சரி, நம்ம லெவல் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஊர் மெயின் ரோட்டில் கல்ஃப் டிக்கெட் போடும் ஆபீஸ் ஒன்று மூடிக் கிடந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதில் பாதி உரிந்த விமான ஸ்டிக்கர். அதைத்தான் வாடகைக்குப் பிடித்தார். வாசலில் போர்டு: 'பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண்கள் குறித்த ஆய்வு. எந்த ஆணும் வரலாம்.'

"மேடம், 'ஆண்கள் நலம்'னு பொதுவா போட்டுக்கலாமே. இதைப் படிச்சுட்டு எவன் உள்ளே வருவான்?" என்றேன்.

"எதுக்கு வர்றோம்னு தெரிஞ்சு வரட்டும் தம்பி. ஏமாத்தி உட்கார வைக்கிறது வேற தொழில்."

போர்டு மாட்டிய அன்று எதிர்த்த டீக்கடையில் சிரித்த சிரிப்பில், பால் பொங்கி வழிந்தது கடைக்கார அண்ணாச்சிக்கே தெரியவில்லை.

"ஏலே, ஆம்பளைய எவன்லே கெடுப்பான்?"

"எனக்கு இன்னும் ஒண்ணும் நடக்கலையேன்னு வெசனமா இருக்குன்னு எழுதிக்கிடச் சொல்லு."

"நடந்தா சந்தோசப்பட வேண்டியதுதானவே. இதுல என்னத்த ஆராய்ச்சி?"

இந்த மூன்று ஜோக்கையும்தான் கடைசிவரை கேட்டேன். ஊரில் நான்காவது ஜோக் போட ஆளே இல்லை.

ஆனால் உள்ளே போனவர்களுக்குக் குறைவில்லை. காரணம், உட்கார்ந்து எழுந்தால் எதிர்க்கடையில் மேடம் கணக்கில் ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி. பஜ்ஜிக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் போகலாம். பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். சட்டம் ஒன்றே ஒன்று. உள்ளே போனவர் கோழி கத்தும்வரை எழுந்திருக்கக் கூடாது. சொல்ல ஒன்றுமே இல்லாதவருக்கும் ஒரு மணி நேரம். நிறைய இருப்பவருக்கும் அதே ஒரு மணி நேரம். வந்தவருடைய நாற்காலி முதுகை ரோட்டுக்குக் காட்டியபடி. மேடம் ரோட்டைப் பார்த்தபடி. வந்தவர் போன், மேடம் போன், என் போன் எல்லாம் வெளியே ஒரு பச்சை வாளியில். வாளிக்குக் காவல் நான். போனில் டைமர் வைத்தால் பதிவு செய்கிறார்கள் என்று பயப்படுவார்கள், அதனால்தான் கோழி. போஸ்ட் கிராஜுவேட் படித்துவிட்டு வாளிக் காவல் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தம்மாவின் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரண்ட் பில் கவுண்டர் முகம். பரிவு கிரிவு ஒன்றும் தெரியாது. தலையை ஒரே அளவில் ஆட்டுவார். நடுநடுவே நேந்திரம் சிப்ஸ். "சரி, அப்புறம்?" என்பார். இதில் சின்னச் சின்னக் கொடூரம் வேறு. தன் நாற்காலியில் யாராவது உட்கார்ந்துவிட்டால் போதும், சிப்ஸ் பாக்கெட்டாலேயே அடித்து எழுப்புவார். அருவிக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். "தலை மேல எது விழுந்தாலும் எனக்குப் பிடிக்காது" என்று சாரலுக்கே குடை பிடிப்பார். குற்றாலத்துக்கு வந்து குடை பிடித்தவர் என்ற பெருமை அவரையே சேரும்.

முதல் வாரமே எங்கள் ரிட்டயர்டு எஸ்.ஐ. மாமா வந்தார். தூரத்துச் சொந்தம். டீக்கடை பெஞ்சில் டபுள் சர்க்கரை போட்ட டீயோடு உட்கார்ந்து, சட்ட விளக்கம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

"என் சர்வீசுல இப்பிடி ஒரு கேசுகூட வந்ததில்லவே. வந்தாலும் எந்த செக்‌ஷன்ல போட? வளந்த ஆம்பளைய ஒருத்தன் கெடுத்தான்னு எழுத சட்டத்துல எடமே கெடையாது."

ஊரில் கொசுவே இல்லை என்று நகராட்சி எழுதிக் கொடுத்த மாதிரி ஒரு பெருமிதம். "பஜ்ஜியத் தின்னுட்டு வந்துருதேன்" என்று போனார். கோழி கத்தியது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மாமா பேசுனீங்க?"

"எல்லாம் என் சுகர் கதைதாம்லே. பொறுமையா கேக்கா அந்தப் புள்ள."

பஜ்ஜியைத் தொடவில்லை. டீ மட்டும் வாங்கினார், அதிலும் சர்க்கரை வேண்டாம் என்றார். டாக்டர் கண்டித்திருப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கடுப்பு வேறு இடத்தில். உள்ளே போய்க் கேட்டேன்.

"சுகருக்கெல்லாம் ஒரு மணி நேரமா மேடம்? மொக்கைன்னு தெரிஞ்சதும் பத்து நிமிஷத்துல அனுப்பிட்டா நிறையப் பேரைப் பார்க்கலாமே?"

"சிப்ஸ் சாப்பிடுறீங்களா?" என்றார். அதுதான் பதில்.

அவருடைய கைடுக்கும் இதே கடுப்பு. ஒரு நாள் போனில் அந்த ஆள் கத்தியது வாளிவரைக்கும் கேட்டது. தேவையில்லாத ஆட்களோடு உட்கார்ந்து காலத்தைக் கழிக்கிறீர்கள், நிஜமான கேஸ் மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் இந்த வருடமும் தீசிஸ் போகாது என்று. மேடம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "சும்மா வர்றவங்களும் வேணும் சார். அவங்க இல்லாம மத்தவங்க வர முடியாது." அதற்கும் அந்தப் பக்கம் ஏதோ கத்தல். இங்கே அதே கரண்ட் பில் முகம்.

எங்கள் அம்மா ஒரு ஞாயிறு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தள்ளிக் கட்டிய கதையை அம்மா ஆரம்பித்தாள். கோழி இல்லாமலேயே மேடம் ஒரு மணி நேரம் கேட்டார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ரசம் ஊற்றும்போதுதான் கேட்டாள்:

"ஏம்மா, நெசமாவே ஆம்பளையளுக்கும் நடக்குமா?"

"நடக்கும்மா."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று கேட்டாள், யாரிடம் என்று இல்லாமல்.

கோழியின் வேலை என்ன என்பது எனக்கு விளங்கியது டீக்கடை அண்ணாச்சியால். அவர் ஒரு தனி ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். உள்ளே போகிறவர்களில் யாருக்கு 'அது' நடந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. சுவர்க் கடிகாரம், எதிரே கண்ணாடி, அவர் கண். வேறென்ன வேண்டும்? ஆனால் நாளாக நாளாக மனுஷன் நொந்துபோனார்.

"ஒண்ணும் பிடிபட மாட்டேங்குலே. எல்லாப் பயலும் ஒரே நேரம் இருந்துட்டு வாரான். வெறும் பயலா இருந்தா டக்குன்னு எந்திச்சு வந்துருவான், விசயம் உள்ளவன் ரொம்ப நேரம் இருப்பான்னு பாத்தேன். எல்லாத்துக்கும் கோழி கத்தணுங்கா. சரி, அவ மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிப்போம்னா, சவம், அதுலயும் ஒண்ணுமில்ல. முறுக்கு விலை கேக்குத மாதிரியே உக்காந்திருக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவின் சுகருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தது மாமாவுக்காக மட்டும் கொடுத்ததில்லை. நாளைக்கு வருகிறவன் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒளிந்துகொள்வதற்கும்தான்.

நாளைக்கு வருகிறவன் என் அண்ணனாக இருப்பான் என்று எனக்குத் தெரியாது.

பெரியப்பா மகன். கல்ஃபில் டிரைவர் வேலை. காண்ட்ராக்ட் முடியும் முன்னாலேயே திரும்பி வந்துவிட்டான். சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள். தென்காசிக்காரனுக்குச் சூடு ஒத்துக்கொள்ளவில்லையாம். போவதற்கு முன்பு அவன் அருவிப் பைத்தியம். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்த உடம்புகளுக்கு நடுவில் இடித்துத் தள்ளி முதல் ஆளாக நிற்பான். வந்த பிறகு அருவிக்கு வருவான், உள்ளே இறங்க மாட்டான். "நீங்க குளிங்கலே, நான் துணியப் பாத்துக்கிடுதேன்" என்று பைக் மேலேயே உட்கார்ந்திருப்பான். எங்களுக்கும் வசதி. கேட்டுக்கொள்ளவில்லை.

இலத்தூரில் பெண் பார்த்துத் தேதியும் குறித்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு நாள் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"அங்கன என்ன கேப்பாவலே?"

"ஒண்ணும் கேக்க மாட்டாவ. உக்காந்தா போதும். பஜ்ஜி உண்டு."

வண்டி ரெண்டு வளைவு தாண்டியது. பிறகு என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

"எங்க ரூம் சாவி சூப்பர்வைசர்ட்ட இருந்துச்சுலே. அவ்வளவுதான்."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. "கல்யாணத்துக்கு முந்தி ஒருக்க யார்ட்டயாவது சொல்லிரணும். கட்டிக்கிடப் போறவகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு கேக்கணும்" என்றான். "ஊருல தெரிஞ்சுது, செத்துருவேன் பாத்துக்க." அதை அவன் சும்மா சொல்லவில்லை.

அவன் மேடத்திடம் உட்கார வந்த சாயங்காலம் பார்த்து, டீக்கடையில் கூட்டம். மாமா இருந்தார். நடுநாயகமாக, இலத்தூர்ப் பெண்ணின் அண்ணன். பட்டாளத்துக்காரன், லீவில் வந்தவன், மீசை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு டீ குடிக்க நின்றிருக்கிறான். தங்கை மாப்பிள்ளை கண்ணாடிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டான்.

"நம்ம மாப்ளையா அது?"

"பஜ்ஜிக்குப் போயிருப்பாரு" என்றார் அண்ணாச்சி, பஜ்ஜி மாவைக் கலக்கியபடி.

ஒரு மணி நேரம் ஆனது. கோழி கத்தவில்லை. பச்சை வாளியில் இருந்த போனைத் தட்டி நேரம் பார்த்தேன். தாண்டிவிட்டது. கண்ணாடிக்குள் மேடம் அதே முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னலே, இன்னும் கத்தல?" அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். குரலில் தீபாவளி. இத்தனை நாளும் கிடைக்காத துப்பு.

"இவனுக்கு மட்டும் என்ன இம்புட்டு நேரம்?" என்றான் பட்டாளம். "எங்க வீட்டுப் பொண்ணக் குடுக்கோம். விசயம் என்னன்னு தெரியாண்டாமா?"

ஒரு வழியாகக் கதவு திறந்தது. அண்ணன் வெளியே வந்தான், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு. கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தான். வாளியிலிருந்து போனை எடுத்தவன் என்னைப் பார்த்தானா என்றுகூடத் தெரியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"போலீஸ்காரன் நின்னாலும் ஹெல்மெட் போட மாட்டானே இவன்" என்றான் ஒருத்தன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அப்போது ஒரு காட்சி. மேடம் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போகிறார், பின்னாலேயே நான். குடையில்லாமல். அவர் அந்தக் கடைப் பக்கம் போனதே கிடையாது. பஜ்ஜித் தட்டின் பக்கத்தில் கோழியை வைத்தார்.

"இது நின்னுபோச்சு. பாவம், அவரு கத்தும் கத்தும்னு பார்த்துட்டே உட்கார்ந்திருந்தாரு. யாருக்காவது ரிப்பேர் பார்க்கத் தெரியுமா?"

"கோழி நின்னுச்சா, இல்ல மாப்ள கதை நிக்கலையா மேடம்?" என்றான் பட்டாளம். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மேடம் அவனை, மீட்டர் ரீடிங் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்க இன்னும் உட்காரலையே. வாங்க."

"நானா? எனக்கு என்ன..."

"எந்த ஆணும் வரலாம்னு போட்டிருக்கே."

கூட்டம் இதை விடுமா? "போங்க பட்டாளத்தாரே, பார்டர்லயே நிக்கியோ, இதுக்குப் பயமா?" "பஜ்ஜி எடுத்து வைக்கட்டா?" மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு எழுந்தான். வேறு வழியில்லை. என் வாளியில் போனை அவன் போட்ட வேகத்தில் மற்ற போன்கள் துள்ளின.

கோழியை மறுபடியும் கண்ணாடி ஓரத்தில் வைத்து முறுக்கினார் மேடம். டிக் டிக் கேட்கவில்லை.

முதலில் கடையில் ஒரே கூத்து. நேரம் ஆக ஆக ஜோக் குறைந்தது. அண்ணன் இருந்த நேரத்தைத் தாண்டியது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அடுப்பைத் தணித்தார். தெருவிளக்கு எரிந்தது. கண்ணாடிக்குள் தெரிந்தது அந்த அகலமான முதுகு மட்டும். மேடம் சிப்ஸ் சாப்பிடவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மாமா பெஞ்சில் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார், யாரோ வரப்போவது மாதிரி.

வெளியே வந்த பட்டாளம் வாளியில் கை விட்டு வேறு யாருடைய போனையோ எடுத்தான். நான் வாங்கிக்கொண்டு அவனுடையதைக் கொடுத்தேன். ரோட்டைத் தாண்டினான், பின்னாலேயே நானும்.

"என்ன பட்டாளத்தாரே, இம்புட்டு நேரம்?" அண்ணாச்சி ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

"கோழி ரிப்பேர்வே!" கத்தினான். "அது கத்துனாத்தான விடுவா? எங்க மாப்ளையவும் அப்பிடித்தான் உக்கார வச்சிருக்கா. கோழி ரிப்பேருன்னா ரிப்பேருதான். இதுக்கு மேல அவரப் பத்தி எவனாவது வேற மாதிரிப் பேசினிய, தொலிய உரிச்சிருவேன்."

முதல் ஆளாக மாமா தலையை ஆட்டினார். "ஆமா, பிளாஸ்டிக் சாமான். அப்பிடித்தான் நின்னுபோகும்." ரிட்டயர்டு எஸ்.ஐ.யே சாட்சி சொன்ன பிறகு கேஸ் குளோஸ். அண்ணன் கல்யாணமும் குறித்த தேதியில் நடந்தது. அவன் அவளிடம் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் கோழியை ரிப்பேருக்கு என்னிடம்தான் கொடுத்தார்கள். தென்காசி பஸ்ஸில் போகும்போது சும்மா முறுக்கிப் பார்த்தேன். டிக் டிக் என்று ஜோராக ஓடியது. கடைக்காரர் கையில் எடுத்துப் பார்க்கும்போது கர்ர்ர் என்று கத்தி மனுஷனைப் பயமுறுத்தியது. "இதுல என்ன தம்பி ரிப்பேர்?" என்றார்.

ஆக, ரெண்டு தடவையும் அந்தம்மாதான் அதை ஓடவிடவில்லை. எவனாக இருந்தாலும் ஒரு மணி நேரம் என்று பல்கலைக்கழகத்தோடு சண்டை போட்டவர், அண்ணன் பேச்சு பாதியில் இருக்கும்போது கோழி கழுத்தைப் பிடித்துவிட்டார். அதனால் வந்த ஆபத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறார். பட்டாளத்துக்கும் அதே கணக்கு, ஊர் அண்ணனைச் சந்தேகப்படாமல் இருக்க. அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அண்ணனுக்கு ஆன நேரத்தோடு அவனை விட்டிருக்கலாமே? அதற்கு மேலும் ஏன் விடவில்லை? திரும்பி வந்து கோழியைக் கொடுத்தேன். "சரியாயிடுச்சா?" என்றார். "ஆயிடுச்சு மேடம்" என்றேன். "சிப்ஸ்?" என்று நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமெல்லாம் சேர்ந்து ஐந்தருவிக்குப் போனோம். அண்ணன் வழக்கம்போல பைக் மேல், துணிக்குக் காவல். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் பக்கத்துப் பைக்கில் பட்டாளத்து மச்சான். மீசையெல்லாம் காய்ந்திருந்தது.

"நீங்க குளிக்கலையா?"

"சளி" என்றான்.

ரெண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

மேடம் ஊரைக் காலி செய்த அன்று போர்டைக் கழற்றிக் கொடுத்தேன். வாளியைக் கழுவி வைத்தேன். கோழியையும் பைக்குள் போடப் போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க மட்டும் உட்காரலை தம்பி."

"நான் ஸ்டாஃப் மேடம்."

"உட்காராத ஒரே ஆம்பளை யாருன்னு அண்ணாச்சி யோசிக்க ஆரம்பிச்சா?"

லாஜிக் கரெக்டாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே போய் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஆளே இல்லாத வாளி வெளியே நின்றது. அவர் கோழியை முறுக்கினார். "சரி, அப்புறம்?" என்றார், நான் ஏதோ பாதியில் நிறுத்தியிருந்த மாதிரி.

கோழி கத்தியபோது எழுந்தேன். இந்தத் தடவை அது நிற்கவில்லை. அவருக்கு பஸ் இருந்தது. குடையை விரித்துக்கொண்டு ஏறிப் போனார். பிறகு பார்க்கவில்லை. தீசிஸ் போனதா என்றும் தெரியாது.

ரோட்டைத் தாண்டினேன். எல்லோருக்கும் உண்டான டீ, பஜ்ஜி எனக்கும் உண்டல்லவா. அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு என்னலே பேச்சு, ஒரு மணி நேரம்?"

வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். "சுகரப் பத்தி, அண்ணாச்சி."

"இந்த வயசுலயா?"

"இப்பல்லாம் வருது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சர்க்கரை டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு டீயை ஆற்றினார். பஜ்ஜித் தட்டையும் என் பக்கம் நீட்டவில்லை.

பெஞ்சில் மாமா நகர்ந்து இடம் விட்டார். அவர் கையிலும், அன்றைக்கு உள்ளே போய் வந்ததிலிருந்து குடிக்கிற அதே சர்க்கரை இல்லாத டீ. முதல் வாயிலேயே என் முகம் கோணியதைப் பார்த்திருப்பார்.

"கொஞ்ச நாளைக்குக் கசக்கும்" என்றார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "பைய பழகிரும்லே."